அரிஹோ

ருவாண்டாவில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'முராகோஸே'. நன்றி என்று பொருள். அடுத்தது 'அமகுரு', என்ன சேதி என்று நலம் கேட்பது. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். மூன்றாவது சொல்லை யாரும் கற்றுத்தரவில்லை. ஒரு பதிவேட்டின் பக்கங்களில் அது திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. அர்த்தம் தெரிந்த அன்று மாலை, கடவுள் என்னை அந்த நாட்டுக்கு எதற்காக அனுப்பினார் என்று எல்லாரிடமும் நான் சொல்லிக்கொண்டிருந்த கதை உதிர்ந்துபோனது.

போனது 2012 ஜூன் மாதம். அதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே எனக்குள் ஒரு 'பாரம்' இருந்தது. சபையில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு காரியம் மனத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, துரத்தினாலும் எழுந்து போக மறுத்தால், அதைக் கர்த்தரே வைத்தார் என்று எடுத்துக்கொள்வோம். என் மனத்தில் உட்கார்ந்தது யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்துக் கடைசி வசனம். 'திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்' என்று போகும். ஞாயிறு பள்ளியில் ஒரே மூச்சில் ஒப்பித்துப் பரிசு வாங்கிய வசனம். முப்பத்தெட்டு வயதில் மறுபடி வந்து கதவைத் தட்டியது.

ஞாயிறு பள்ளியில் கேட்ட இன்னொன்று ஜார்ஜ் முல்லர் கதை. பிரஷ்யாவில் பிறந்தவர், இங்கிலாந்துக்குப் போய், பிரிஸ்டல் நகரில் 1836ஆம் ஆண்டு அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார். மனிதர் எவரிடமும் காசு கேட்பதில்லை, ஜெபத்தில் மட்டுமே கேட்பது என்பது அவர் பிடிவாதம். அப்படியே 10,000 பிள்ளைகளுக்கு மேல் பராமரித்தார். ஒரு நாள் காலை மேசையில் ரொட்டி இல்லை, பால் இல்லை, முல்லர் நன்றி சொல்லி ஜெபிக்கிறார், ரொட்டிக்காரர் கதவைத் தட்டுகிறார், பால் வண்டி சரியாக வாசலில் வந்து பழுதாகிறது என்று எங்கள் ஆசிரியை சொல்வார். வண்டி உடையும் இடத்தில் மேசையை ஓங்கித் தட்டுவார். நாங்கள் துள்ளுவோம். அனாதைகளுக்கு உதவுவது என்றால் எனக்கு மனத்தில் அந்தச் சத்தம்தான்.

ஏன் ருவாண்டா? எங்கள் சபைக்கு வந்த ஒரு பிரசங்கியார் அங்குள்ள ஒரு பிள்ளைகள் இல்லத்தின் படங்களைத் திரையில் காட்டினார். 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்ட நாடு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் துட்சி மக்கள். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஆலயத்துக்குப் போனவர்கள். அதை அவர் சொன்னபோது சபையில் ஓர் அசைவும் இல்லை. பிறகு பிள்ளைகளின் முகங்கள் வந்தன. நான் அழுதேன். அழுகையில் ஒரு சாதாரணக் கூட்டல் கழித்தலைப் போடத் தவறினேன்: 1994ல் பெற்றோரை இழந்த பிள்ளைக்கு 2012ல் குறைந்தது பதினெட்டு வயது. திரையில் இருந்தவர்களோ ஐந்து, ஆறு, ஏழு வயதுக்காரர்கள். இந்தக் கணக்கு எனக்கும் தோன்றவில்லை. சபையில் வங்கி ஊழியர்களும் கணித ஆசிரியர்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் தோன்றவில்லை.

மூன்று மாதத்துக்கு ஏற்பாடு. என் பிள்ளைகள் இருவரையும் அம்மாவிடம் விட்டேன். கணவர் விமான நிலையம் வரை வந்து, போய்விட்டு வா என்றதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தலைநகர் கிகாலியின் விமான நிலையத்தில் முதல் பாடம் நடந்தது. பிள்ளைகளுக்கென்று கொண்டுபோன நோட்டுகள், பென்சில்கள், சட்டைகள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாலித்தீன் பைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வசன அட்டை வைத்திருந்தேன். ருவாண்டாவில் 2008 முதலே பாலித்தீன் பைகளுக்குத் தடை. சீருடை அணிந்த ஓர் இளம்பெண், கோபமே இல்லாமல், ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பொருளை என்னிடம் கொடுத்துவிட்டுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டார். அரை மணி நேரம் பிடித்தது. என் ஊழியம் முழுவதும் தரையில் பரப்பிக் கிடந்தது. அந்த நாட்டில் எது வேண்டும், எது வேண்டாம் என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இல்லம் தென்மாநிலத்தில், ஒரு குன்றின் முதுகில் இருந்தது. அந்த நாட்டில் எல்லாமே ஏதோ ஒரு குன்றின் முதுகில்தான் இருக்கிறது. யூக்கலிப்டஸ் மரங்கள், வாழைத் தோட்டங்கள், குச்சிகளில் படர்ந்த அவரை, செம்மண் பாதை. வண்டி நின்றதும் பிள்ளைகள் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடிவதற்குள் ஒரு சிறுவன் வரிசையை விட்டு ஓடிவந்து என் இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். ஆறு வயது இருக்கும். அதற்கு முன் அவன் என்னைப் பார்த்ததே இல்லை. அந்தப் பிடியை அன்றிரவு என் குறிப்பேட்டில் 'கர்த்தரின் உறுதிமொழி' என்று எழுதி வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினால் கூச்சமாக இருக்கிறது.

வெளிநாட்டவரை அங்கே 'முசுங்கு' என்பார்கள். இந்தியரென்றால் 'முஹிந்தி'. தெருவில் பிள்ளைகள் என்னைப் பார்த்து 'முஹிந்தி! முஹிந்தி!' என்று கூவினார்கள். ஒரு தமிழச்சி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வாங்கிக் கட்டிக்கொண்ட பட்டம் அது. சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டேன்.

சுண்டுவிரல்காரனிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. தகர டப்பா, மூடியில் நீல நிறத்தில் ஒரு பாய்மரக் கப்பல், ஓரம் துருப்பிடித்தது. கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பான். இரண்டாவது வாரம் எனக்குத் திறந்து காட்டினான். உள்ளே புகைப்படங்கள். எல்லாம் வந்துபோன விருந்தினர்களுடையவை. தொப்பி வைத்த ஒரு வயதான வெள்ளைக்காரர், கல்லூரிப் பெண்கள் மூவர், கிட்டார் வைத்த ஓர் இளைஞர், ஒரு கொரியத் தம்பதி. எண்ணினேன், பதினொன்று. ஒவ்வொரு படத்தையும் எடுத்து 'மாமா', 'பாப்பா', அதாவது அம்மா, அப்பா என்று சொல்லிக் கீழே வைத்தான். பிறகு என்னிடம் கை நீட்டினான். என் படமும் வேண்டுமாம். பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று பையில் இருந்தது, கொடுத்தேன். பன்னிரண்டாவது.

முன்னறையில் பார்வையாளர் புத்தகம் ஒன்று உண்டு. அன்று மாலை அதைப் புரட்டினேன். பல கையெழுத்துகள், பல மொழிகள். ஏறக்குறைய எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தார்கள்: என் இதயத்தில் ஒரு பகுதியை இங்கே விட்டுச் செல்கிறேன், மீண்டும் வருவேன். தேதிகளைப் பார்த்தேன். ஒரு கையெழுத்தும் இரண்டாம் முறை வரவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை இரண்டு. காலையில் ஆங்கில வகுப்பு. 2008ல் அரசு பிரெஞ்சை விட்டுப் பயிற்றுமொழியை ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்ததால், ஆசிரியர்களே ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த காலம். பிற்பகலில், காகிதப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றுவது. கின்யர்வாண்டா மொழி தெரியாவிட்டாலும் எழுத்து ரோமன் எழுத்துதான், பார்த்துத் தட்டலாம். பெயர், பிறந்த ஆண்டு, வந்த தேதி. அதன் பின் இரண்டு கட்டங்கள்: 'சே', 'ஞினா'. அவற்றின் கீழ் பெரும்பாலும் ஒரே சொல். அ-ரி-ஹோ. சில இடங்களில் வேறொரு நீளமான சொல். மூன்றாவது நாள், ஒரே சொல்லை அத்தனை முறை தட்டிய சலிப்பில், சமையற்கட்டுக்குப் போய் அவரை உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் தாளைக் காட்டிக் கேட்டேன்.

சே என்றால் தகப்பன். ஞினா என்றால் தாய். அரிஹோ?

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, தன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து மூச்சை இழுத்துவிட்டுக் காட்டினார். இருக்கிறார். உயிரோடு இருக்கிறார்.

நாற்காலிக்குத் திரும்பி வந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். தாய் இருக்கிறார். தாய் இருக்கிறார், தகப்பனும் இருக்கிறார். தகப்பன் இறந்துவிட்டார், தாய் இருக்கிறார். இரண்டு கட்டங்களிலும் அந்த நீளமான சொல் இருந்த பிள்ளைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினார்கள். சுண்டுவிரல்காரனின் தாய் இருக்கிறார். ஒரு பாட்டியும் இருக்கிறார். ஊர்ப் பெயர்கூட எழுதியிருந்தது, பஸ்ஸில் போய்விடும் தூரம்.

இல்லத்தின் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். என் குரலில் இருந்த சூடு அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் நல்ல மனிதர். இதில் வில்லன் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். "இவர்களுக்கு ஆள் இருக்கிறார்கள் அம்மா, சோறுதான் இல்லை" என்றார். "ஆள் இருக்கிறது, சோறு இல்லை என்று எழுதினால் யார் பணம் அனுப்புவார்கள்? அனாதை என்று எழுதினால் அனுப்புகிறார்கள். அந்தச் சொல்லை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் ஊர்களிலிருந்துதான் வந்தது."

அந்த இல்லம் மட்டுமல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன். உலகம் முழுவதும் அனாதை இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார் என்று, குழந்தைகளுக்காக உழைக்கும் அமைப்புகள் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றன. இல்லத்தில் படுக்கை இருக்கிறது, பள்ளி இருக்கிறது, முசுங்கு வருகிறார் என்று கேள்விப்பட்டு ஏழைத் தாய் தன் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறாள். பாசம் குறைந்து விடுவதில்லை. நம் வீட்டுப் பிள்ளையை நல்ல விடுதியில் சேர்க்கும்போது நாம் போடும் அதே கணக்குதான்.

விசா வேலையாகக் கிகாலிக்குப் போனபோது நியாமிராம்போ பகுதியில் ஒரு நாள் தங்கினேன். அங்கேதான் கிசிம்பா இல்லம் இருந்தது. தமாஸ் கிசிம்பா என்பவர் 1994ல் அந்த அனாதை இல்லத்துக்குள் பிள்ளைகளும் பெரியவர்களுமாகச் சுமார் 400 பேரை ஒளித்துவைத்துக் காத்தார். அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவர் கார்ல் வில்கின்ஸ், அட்வென்டிஸ்ட் சபையின் நிவாரணப் பணிக்காக வந்த அமெரிக்கர். படுகொலை தொடங்கியதும் அவருடைய நாட்டவர் எல்லாரும் வெளியேற்றப்பட்டார்கள். மனைவி மக்களை அனுப்பிவிட்டு அவர் மட்டும் தங்கிவிட்டார். கடைசி வாரங்களில் கொலைகாரர்கள் இல்லத்தைச் சூழ்ந்தபோது, உதவி கேட்டு அரசு அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே தற்செயலாக வந்திருந்த இடைக்காலப் பிரதமர் ஜான் கம்பண்டாவை நடைவழியில் நிறுத்தி, அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார். படுகொலை நடத்திய அரசின் பிரதமரிடமே! அதே கம்பண்டா 1998ல் சர்வதேசத் தீர்ப்பாயத்தில் இனப்படுகொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். அன்று நடைவழியில் கேட்டதால் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இந்தக் கதை எனக்கு முன்பே தெரியும். ஒரு தனி மனிதரின் துணிச்சல் என்றுதான் வைத்திருந்தேன். இந்த முறை வேறொன்று கண்ணில் பட்டது. வில்கின்ஸ் 1990லிருந்தே அங்கே குடும்பத்தோடு வாழ்ந்தவர். யாருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீர் வேண்டும் என்றால் தண்ணீர். நான் பாலித்தீன் பையோடு வந்தேன்.

மறுநாள் நியாமட்டா ஆலயத்துக்குப் போனேன். இப்போது அது நினைவிடம். அடைக்கலம் தேடி உள்ளே வந்து கொல்லப்பட்டவர்களின் உடைகள் பெஞ்சுகளின் மேல் குவித்து வைக்கப்பட்டிருக்கின்றன, மண் நிறத்தில். கூரைத் தகரத்தில் ஓட்டைகள், அவற்றின் வழியே புள்ளிப் புள்ளியாக வெயில். ஜெபிக்க நினைத்தேன். வார்த்தை வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

இல்லத்துக்குத் திரும்பியதும், அங்கிருந்த சமூகப் பணியாளர் பெண்ணிடம், அந்தச் சிறுவனின் பாட்டி வீட்டுக்கு என்னை அழைத்துப்போக முடியுமா என்று கேட்டேன். ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். பஸ், பிறகு மோட்டார் சைக்கிள் டாக்சி. பின்னால் உட்காருபவருக்கும் ஓட்டுநர் ஒரு தலைக்கவசம் தருவார், காலையிலிருந்து யார் யாரோ போட்டுக் கழற்றியது, நெடி மூக்கைத் துளைக்கும். அதன் பின் முக்கால் மணி நேரம் ஏற்றம்.

மண்கல் வீடு. பாட்டி இருந்த ஒரே முக்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். 'இகிகோமா' என்னும் சோளக் கஞ்சி வந்தது. மகள் கிகாலியில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவாள். வீட்டில் இன்னும் இரண்டு பேரப்பிள்ளைகள். மருத்துவக் காப்பீட்டுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்க் கட்ட வேண்டும். பள்ளிக்குக் கட்டணமில்லை, சீருடையும் நோட்டும் வாங்கியாக வேண்டும். கூரை ஒழுகுகிறது. ஒருவனையாவது நல்ல இடத்தில் விடலாம் என்று விட்டோம் என்றார். எங்கள் சபை அந்த ஒருவனுக்காக மாதாமாதம் அனுப்பிய தொகையை நான் மனத்துக்குள் பிராங்கில் மாற்றிப் பார்த்தேன். அந்த வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் ஓராண்டுக் காப்பீடு கட்டி, மீதமும் இருந்திருக்கும்.

பாட்டி என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். பணியாளர் பெண் மொழிபெயர்க்கத் தயங்கினார். வற்புறுத்தினேன்.

"உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்கிறார்."

"இரண்டு பேர்."

"இப்போது யாரிடம் இருக்கிறார்கள் என்கிறார்."

"என் அம்மாவிடம்."

பாட்டி முழங்காலில் தட்டிக்கொண்டு சிரித்தார். பல் இல்லாத நல்ல சிரிப்பு. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிகவும் அக்கறையாக இன்னொன்று கேட்டார்: "உன் அம்மாவிடம் ஆடு இருக்கிறதா? இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறாள்?"

அந்த யாக்கோபு வசனத்தில் நமக்கு வாய்த்திருக்கும் சொல் 'விசாரிப்பது'. யார், எவர், என்ன ஆயிற்று, சாப்பிட்டாயா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது. கட்டடம் கட்டு என்று அங்கே இல்லை, படம் பிடித்து அனுப்பு என்றும் இல்லை. ஏழு வயதில் ஒப்பித்த வினைச்சொல்லை அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஊர் திரும்பியதும் எல்லாம் சரியாக நடந்துகொண்டேன் என்று நினைக்க வேண்டாம். சபையில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். திரையில் படங்கள், சுண்டுவிரல் கதை, கண்ணீர். 'அரிஹோ' பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைய காணிக்கை எப்போதையும்விட அதிகம். மூன்று மாதம் கழித்துத்தான் குழுவில் உண்மையைச் சொன்னேன். பாட்டிக்குத் தகரக் கூரையும் ஆடும் வாங்கித் தரலாம், பிள்ளை வீட்டுக்குப் போய்விடுவான் என்றேன். ஒரு பெரியவர், "அப்படியானால் நாம் அனாதைக்குச் செய்கிறோம் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். பலர் பணம் அனுப்புவதை நிறுத்தினார்கள். ஏழெட்டுப் பேர் தொடர்ந்தோம்.

அதற்குள் ருவாண்டா அரசே முந்திக்கொண்டது. நாட்டின் இல்லங்களைக் கணக்கெடுத்ததில், 33 இல்லங்களில் 3,323 பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்புவது என்று 2012ல் முடிவெடுத்து, 'துபரேரேரே மு முர்யாங்கோ', அதாவது குடும்பத்தில் வளர்ப்போம் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையாக வீடு தேடி, ஆள் தேடி, வறுமை எங்கே கடிக்கிறது என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு வளர்ப்புக் குடும்பங்கள். அவர்களை 'மலாயிகா முரின்ஸி', காவல் தேவதை என்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. வீடு என்றாலே அன்பு என்று சொல்லிவிட முடியாது. அடி விழும் வீடுகளும் உண்டு. அதனால்தான் திருப்பி அனுப்பிய பிறகும் போய்ப் பார்க்க ஊருக்கு ஊர் தொண்டர்களை வைத்தார்கள்.

இடையில் முல்லரைப் பற்றிப் பெரியவளாகத் தேடிப் படித்தேன். ஞாயிறு பள்ளியில் சொல்லாத ஒரு விவரம் இருந்தது. தாயும் தகப்பனும் இருவருமே இறந்த பிள்ளைகளைத்தான் அவர் சேர்த்துக்கொண்டார். அதற்குச் சான்றும் கேட்டார். பாதிக் கதையை மட்டும் எங்களுக்கு மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

2016ல் மறுபடி போனேன், பத்து நாட்களுக்கு, என் பெரிய மகளோடு. இல்லம் மூடியிருந்தது. அதே பஸ், அதே ஏற்றம். கூரையில் தகரம் மின்னியது. சுண்டுவிரல்காரனுக்குப் பத்து வயது, கால்கள் நீண்டுவிட்டன. முற்றத்தில் நின்றவன் என்னைப் பார்த்தும் ஓடி வரவில்லை. பாட்டி ஏதோ சொன்ன பிறகு வந்து, வலது கையை நீட்டி, இடது கையால் தன் வலது முன்கையைத் தொட்டபடி, அந்த ஊர் மரியாதைப்படி குலுக்கினான். முன்பின் தெரியாத விருந்தாளிக்குக் கொடுக்கும் கை. முன்பு அவன் யார் வந்தாலும் போய் ஒட்டிக்கொள்வான். பராமரிப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் வளரும் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று, ருமேனிய இல்லங்களில் நடந்த ஆய்வுகளைப் பற்றி இதற்குள் படித்திருந்தேன். என்னை நினைவிருக்கிறதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

கிளம்பும் நேரம் பாட்டி உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்துவந்தார். மூடியில் நீல நிறப் பாய்மரக் கப்பல். திறந்தார். உள்ளே விதை அவரை, சிவப்பும் வெள்ளையுமாக. இரண்டு கைப்பிடி அள்ளி என் மகளின் துப்பட்டா முனையில் கொட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அதில் இருந்த படங்கள் எங்கே என்று சிறுவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு சரிவில் பாதி தூரம் இறங்கியிருந்தான்.